கொழும்பில் கலம் பார்த்தவர்கள்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரம், களனி கங்கை கடலோடு சேரும் இடம். வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் 'விஸ்ட் பங்களா' என்றொரு வீடு பேர்பெற்றிருந்தது. விஸ்ட் என்பது அவர்களுடைய சீட்டாட்டம். 1881 நவம்பரில் அந்த வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு விருந்தாளி வந்து இறங்கினார். பெட்டி பெட்டியாகப் போத்தல்கள், இரசாயனங்கள், வலைகள், நுணுக்குக்காட்டிகள். வந்தவர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், ஜேனா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர். வீட்டுக்காரர் ஒஸ்ட்ரியன் லொயிட் கப்பல் கம்பனியின் கொழும்பு முகவர்.

கலத்தின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல்களில் கொழும்புக்கு இடமில்லை. 1665 இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் அறையறையாகக் கண்டது, 1831 இல் றொபேட் பிரவுண் கருவுக்குப் பெயர் வைத்தது, 1838 இல் ஷ்லைடன் தாவரங்களையும் 1839 இல் ஷ்வான் விலங்குகளையும் கலங்களால் ஆனவை என்று சொன்னது, பிறகு வேர்கோ வந்து கலத்திலிருந்துதான் கலம் பிறக்கும் என்று முடித்துவைத்தது: இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதியே என் காலம் போயிற்று. கொட்டாஞ்சேனையில் படித்து வெள்ளவத்தையில் படிப்பித்தவன் நான். அந்த வரிசைக்குப் பக்கத்தில் நம்முடைய ஊரின் வரிசை ஒன்றையும் எழுதலாம் என்பது என் கட்சி. அது முகத்துவாரத்தில்தான் தொடங்கவேண்டும்.

ஹெக்கல் சாதாரண ஆள் அல்லர். 1866 இல், கலத்தின் கருதான் பரம்பரைப் பண்புகளைக் கடத்துகிறது என்று எழுதியவர். அப்போது அதற்குச் சான்று கிடையாது. பத்து வருடம் கழித்து அவருடைய மாணவர் ஒஸ்கார் ஹேர்ட்விக், கடல் முள்ளியின் முட்டைக்குள் விந்தின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாவதைப் பார்த்தார். ஊகத்துக்குக் கால் முளைத்தது அப்போதுதான். ஹெக்கல் கொழும்பிலிருந்து திரும்பிய அதே 1882 இல், கலம் பிரியும்போது கருவுக்குள் நூல்கள் தோன்றிப் பங்கிடப்படுவதைப் பற்றி வால்ற்றர் பிளெமிங் தன் பெரிய நூலை வெளியிட்டார். நாங்கள் நிறமூர்த்தங்கள் என்று படிக்கிறோமே, அந்த நூல்கள்தான்.

ஹெக்கலுக்கு இலங்கைக் கடலில் என்ன வேலை? ஒற்றைக் கலத்தோடு வாழ்வை முடித்துக்கொள்ளும் ரேடியோலேரியா போன்ற நுண்ணுயிர்களும் சொறிமுட்டைகளும் அவருக்கு வேண்டியிருந்தன. ரேடியோலேரியாவின் உடல் ஒரே ஒரு கலம். அந்த ஒரு கலமே கடல்நீரிலிருந்து சிலிக்காவை எடுத்துக் கண்ணாடி எலும்புக்கூடு கட்டும், உண்ணும், கழிக்கும், பெருகும். விஸ்ட் பங்களாவில் ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கிவிட்டு, தெற்கே வெலிகமவுக்குப் போய் அங்கிருந்த தங்குவிடுதியில் தன் ஆய்வுகூடத்தை விரித்தார். வெப்பத்தில் பிடித்த உயிரினங்கள் வேகமாக அழுகின; ஈரலிப்பு கருவிகளைக் கெடுத்தது. 1882 மார்ச்சில் இலங்கையை விட்டுப் புறப்பட்டு, பயணக் கடிதங்களை நூலாக்கினார்.

ஹெக்கல் அருமையான ஓவியர். அவர் வரைந்த ரேடியோலேரியாக்களை இன்றும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஆனால் முதுகெலும்பிகளின் முளையங்கள் ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றுபோல இருப்பதாக அவர் வரைந்த படங்கள், கண்ணால் கண்டதைவிடக் கொள்கைக்கு ஏற்றபடி வரையப்பட்டவை என்று அவர் காலத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்டன. மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கிய அவருடைய எழுத்தையும் இன்று யாரும் அறிவியல் என்று ஏற்பதில்லை. பார்த்ததை வரைவது ஒன்று, நினைத்ததை வரைவது வேறொன்று. கொழும்புக்கு வந்த முதல் பெரிய கலக்காரரிடமே இந்த இரண்டும் கலந்திருந்தன.

அந்தப் பயணத்தில் பேராதனைத் தாவரத் தோட்டத்துக்குப் போன ஹெக்கல், அங்கே ஓர் இளம் ஆங்கிலேயரைச் சந்தித்தார். ஹரி மார்ஷல் வார்ட். 1880 இல் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது கோப்பிக்காக. 1869 இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. ஹெமிலேயா வாஸ்ராற்றிக்ஸ் என்று அந்தப் பங்கசுக்குப் பெயர் வைத்தார்கள். பத்தே வருடத்தில் தோட்டம் தோட்டமாக இலை உதிர்ந்தது.

வார்ட் செய்த வேலை ஒவ்வொரு தாவரவியல் மாணவனும் படிக்கவேண்டியது. கிளிசரீன் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, பங்கசின் வித்திகள் காற்றில் வருவதைப் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் விழுந்த வித்தி முளைத்து ஒரு குழாயை நீட்டுகிறது. அது இலையின் தோலைத் துளைப்பதில்லை. இலைவாய் வழியாக நுழைகிறது. இலைவாயின் இரு பக்கமும் காவற்கலங்கள் இரண்டு. அவை நீர் ஏறி வீங்கும்போது வாய் திறக்கும், நீர் இழந்தால் மூடும். காற்று போவதற்கென்று தாவரம் திறந்த வாசலால் பங்கசு உள்ளே போய்விடுகிறது. பிறகு கலங்களுக்கு இடையில் இழைகளாக ஓடி, கலச்சுவரைத் துளைத்து உறிஞ்சும் விரல்களைக் கலத்துக்குள் விடுகிறது. பச்சையவுருமணிகள் வெயிலில் சமைத்த வெல்லம் அதற்குப் போகிறது. உணவில்லாத இலை உதிர்கிறது.

வார்டால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் மலை முழுக்க நட்டதுதான் பங்கசுக்கு வசதி செய்தது என்று சரியாகச் சொன்னார். கேட்பதற்குக் காலம் கடந்திருந்தது. கோப்பிக் கடன்களில் சிக்கிய ஓரியண்டல் வங்கி 1884 இல் விழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக்கென்று நடத்திக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களில் பலர் பிழைப்பிழந்தனர். பிறகு தேயிலை வந்தது. மலையகத்தின் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் கோப்பி இலையின் கலங்களுக்குள் நடந்தது என்று சொன்னால் அது மிகையல்ல.

மூன்றாவது ஆள் இத்தாலியர். அல்டோ கஸ்ரெல்லானி 1903 இல் கொழும்புக்கு வந்து பற்றீரியவியல் ஆய்வில் இருந்தார். அந்நாளில் கிராமங்களில் பறங்கி நோய் என்ற புண்வியாதி பரவலாக இருந்தது. 1905 இல் அந்தப் புண்ணின் நீரில் மெல்லிய சுருள் வடிவப் பற்றீரியாவை அவர் கண்டார். நோய்க்குக் காரணம் அதுதான். இங்கே நம்முடைய பாடத்துக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பற்றீரியாவும் ஒரு கலந்தான். அதற்குச் சுவர் உண்டு, மென்சவ்வு உண்டு, பரம்பரைப் பொருளும் உண்டு. கரு மட்டும் இல்லை. தாவரக் கலமும் விலங்குக் கலமும் தம் பரம்பரைப் பொருளைச் சவ்வுக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன. இந்த வேறுபாடு, தாவரத்துக்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

இந்த மூவரும் பார்த்தார்கள். ஆனால் பார்த்தது ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் போனது. 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பாடசாலையும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. 1921 இல் வந்த பல்கலைக்கழகக் கல்லூரியும் அப்படியே. கொட்டாஞ்சேனையில் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865 இலிருந்து இருக்கிறது. நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் பழையது. ஆங்கிலம் படிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே விஞ்ஞானம் என்ற நிலை நீண்ட நாள் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகனுக்கு நுணுக்குக்காட்டி எட்டாத பொருள்.

தமிழில் முடியாது என்பதல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1850களிலேயே உடற்கூற்றியலைத் தமிழாக்கத் தொடங்கி, 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அறுவை வைத்தியம், இரசாயனம், உடற்றொழிலியல் எல்லாவற்றுக்கும் தமிழ் நூல் செய்தார். 1884 இல் அவர் இறந்த பிறகு அந்தப் பாதை தேய்ந்துபோனது. கொழும்பு அந்தப் பாதைக்குத் திரும்பி வருவதற்கு 1950கள் ஆகவேண்டியிருந்தது. சுயமொழிக் கல்வி வந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகக் கலைச்சொற்றொகுதிகளை அச்சிட்டது. அவற்றை வைத்துப் பாடநூல்கள் வந்தன. குழியவுரு, இழைமணி, புன்வெற்றிடம் என்று நாங்கள் இயல்பாகச் சொல்லிக்கொண்டு படித்தோம்.

நான் படித்தது அந்தத் தலைமுறையில். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் பித்தளை நுணுக்குக்காட்டிகள் சில இருந்தன. சூரிய வெளிச்சத்தை அடிக்கண்ணாடியால் திருப்பிப் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் பாடம் தள்ளிப்போகும். எங்கள் மாஸ்டர் பம்பாய் வெங்காயம் ஒன்றை வெட்டி, உள் இதழின் மெல்லிய தோலை உரித்து வழுக்கியில் வைத்து, அயடீன் ஒரு துளி விட்டு, மூடித்துணுக்கைச் சரித்து வைப்பார். காற்றுக் குமிழி வந்தால் திரும்பச் செய்யவேண்டும். முதலில் குமிழியைக் கலமென்று வரையாத மாணவனே இல்லை.

"என்னடா தெரியுது?"

"கல்லுக் கட்டின மதில் மாதிரி இருக்கு, சேர்."

"கல்லெண்ட கணக்கில பாக்காத. ஒவ்வொண்டுக்குள்ளயும் மஞ்சளா ஒரு பொட்டுத் தெரியுதா? அதுதான் கரு."

அடுத்தது கன்னத்தின் உட்புறம். பல்லுக்குத்தியின் மழுங்கிய முனையால் மெதுவாகச் சுரண்டி, மெதிலீன் நீலம் விட்டுப் பார்த்தால் ஒழுங்கற்ற தட்டைக் கலங்கள். சுவர் இல்லை. மூலையுமில்லை, நேர்கோடுமில்லை. தாவரக் கலமும் விலங்குக் கலமும் எங்கே வேறுபடுகின்றன என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. செலுலோசுச் சுவர் இருப்பதால் தாவரத்துக்கு எலும்பில்லாமலே நிமிர்ந்து நிற்க முடிகிறது. சுவர் இல்லாததால் விலங்கின் கலங்கள் வளையவும் நகரவும் முடிகிறது. நம்முடைய வெண்குழியம் பற்றீரியாவைச் சுற்றி வளைத்து விழுங்குவது சுவர் இல்லாத சுதந்திரத்தால்தான்.

மூன்றாவது பாடம் எனக்கு இன்றும் மிகப் பிடித்தது. பாடசாலை முற்றத்தில் அழகுக்கு வளர்த்த ரியோச் செடியின் இலையை மடித்துக் கிழித்தால், அடிப்பக்கத்து ஊதாத் தோல் கொஞ்சம் உரிந்து வரும். தண்ணீரில் வைத்துப் பார்த்தால் கலம் முழுவதும் ஊதா. அந்த நிறம் கலத்தின் நடுவிலுள்ள பெரிய புன்வெற்றிடத்தின் சாற்றில் இருக்கிறது. வழுக்கியின் ஒரு பக்கத்தில் அடர்ந்த சீனிக்கரைசலை விட்டு, மறுபக்கத்தில் வடிதாளால் தண்ணீரை உறிஞ்சினால், கண்முன்னே ஊதாப் பந்து சுவரை விட்டு விலகிச் சுருங்கும். திரும்பத் தண்ணீர் விட்டால் விரிந்து சுவரோடு சேரும். மென்சவ்வு வழியாக நீர் போகும், சீனி போகாது. பிரசாரணம் என்று பாடநூல் பக்கம் பக்கமாகச் சொன்னதைச் சில நிமிடங்களில் பார்த்தோம். புறக்கோட்டைக் கருவாட்டை நாட்கணக்கில் கெடாமல் வைத்திருப்பதும் இதே வேலைதான்: உப்பு, மீனிலிருந்தும் அதில் இறங்கிய பற்றீரியாக்களிலிருந்தும் நீரை வெளியே இழுக்கிறது.

எங்கள் பாடநூலில் நாங்கள் பார்க்காதவையும் இருந்தன. சாதாரண நுணுக்குக்காட்டியால் ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. அது ஒளியின் எல்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டி 1940களுக்குப் பிறகு கலத்துக்குள் இறங்கியது. இழைமணிக்குள் மடிந்து மடிந்து கிடக்கும் உட்சவ்வு, அகமுதலுருச் சிறுவலை, 1950களில் ஜோர்ஜ் பலாடே கண்ட புரதம் கட்டும் சிறுமணிகளான இறைபோசோம்கள் எல்லாம் அப்படித் தெரியவந்தவை. இழைமணி, வெல்லத்தை ஒட்சிசனோடு சேர்த்துச் சக்தியை எடுக்கிறது. தாவரக் கலத்திலும் அது உண்டு; இதை மறந்துவிட்டு, தாவரத்துக்குப் பச்சையவுருமணி, விலங்குக்கு இழைமணி என்று எழுதிவிடுகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். இந்த இரண்டு உறுப்புகளும் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பற்றீரியாக்கள் என்று 1967 இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். அவற்றுக்கென்று தனியான பரம்பரைப் பொருள் இருப்பது அதற்குச் சான்று. கஸ்ரெல்லானி பார்த்த வகையான கருவில்லாத உயிரின் உறவுக்காரர் நம் கலங்களில் பெரும்பாலானவற்றுக்குள் குடியிருக்கிறார்.

இந்தப் புதிய கலத்தைப் பாடசாலையில் காட்ட முடியாது. வரையத்தான் முடியும். அங்கேதான் கதை திரும்புகிறது. அதே காலத்தில் பல்கலைக்கழக வாசலும் சுருங்கியது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. முதல் வருடத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400 க்கு 250 புள்ளி வேண்டும். சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். பிறகு மாவட்டக் கணக்கும் சேர்ந்தது. ஒரு படத்தில் ஒரு பெயர்க்கோடு விடுபட்டால் ஒரு வாழ்க்கை விடுபடும் என்ற பயம் வீட்டுக்கு வீடு புகுந்தது. ரியூசன் வளர்ந்தது அந்தப் பயத்தில்.

1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் வெள்ளவத்தை இன்னும் தமிழாயிற்று. வடக்கில் போர் இறுக இறுக, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின் இன்னும் அதிகமாக, குடும்பங்கள் இங்கே வந்து அறைகளிலும் அடுக்குமாடிகளிலும் இருந்தன. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் வகுப்புகள் முளைத்தன. தகரக் கூரை, வாங்குகள், ஒலிவாங்கி, பக்கத்தில் போட்டோப் பிரதிக் கடை. பிள்ளைகள் புத்தகத்தோடு அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் கொண்டுவருவார்கள். கோச்சி போகும் சத்தத்தில் அரை வசனம் விழுங்கப்படும்.

அங்கே நான் கலத்தை நிறச் சுண்ணக்கட்டியால் வரைந்தேன். கருவுக்கு நீலம், இழைமணிக்குச் சிவப்பு, பச்சையவுருமணிக்குப் பச்சை. படம் வடிவாக வரும். பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. ரியூட் அடித்துக் கொடுப்போம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதே படத்தை அதே ஒழுங்கில் கொப்பியில் இறக்கினார்கள். ஒருநாள் ரியோ இலையைக் கொண்டுபோய்ப் பிரசாரணத்தை விளக்க வெளிக்கிட்டேன். முன்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை மிக மரியாதையாகக் கேட்டாள்: "சேர், இது சோதினைக்கு வருமோ?"

அந்தப் பிள்ளையில் குறை சொல்லமாட்டேன். இரண்டு தரம் இடம்பெயர்ந்து, ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைகளில் படித்துவிட்டு வந்தவள். அவளுக்கு அந்த வருடமே கடைசி வருடம். அந்தப் படங்களை வைத்து மருத்துவ பீடத்துக்கும் விஞ்ஞான பீடத்துக்கும் போனவர்கள் பலர். தகரக் கூரையின் கீழ் வரைந்த கலம் போர்க்காலத்தில் ஒரு தலைமுறையைத் தூக்கிவிட்டது. ரியூசனை இழிவாகப் பேசுகிறவர்கள் இதை நினைக்கவேண்டும்.

ஆனால் போர் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியலான பிறகு பாடப்பரப்பு பெருத்தது; பார்க்கும் நேரம் இன்னும் சுருங்கியது. உயர்தர உயிரியலில் தனியாகச் செய்முறைத் தேர்வு இல்லை. ஆய்வுகூடமுள்ள பாடசாலைகளிலும் சோதினை நெருங்கும்போது பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மீட்டல் வகுப்பில் இருக்கிறார்கள். இதனால் இழைமணியின் உட்சவ்வைப் பிழையில்லாமல் வரையும் பிள்ளை, வெங்காயத் தோலில் கருவை ஒருமுறையும் காணாமலே பல்கலைக்கழகம் போய்விடலாம். தான் கண்டது எது, நம்பியது எது என்று பிரித்தறியப் பழகாதவர் நோயாளியின் இரத்த வழுக்கியைப் பார்க்கும் நாளில் படத்தைத்தான் தேடுவார். செங்குழியத்தின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழு பங்கு. அதற்குள் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கரும்பலகையும் சொல்லித்தராது. 1934 - 35 மலேரியாவில் இந்த நாடு ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்தது என்பதை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இன்று பார்ப்பது கடினமும் அல்ல, பெருஞ்செலவும் அல்ல. 2014 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் காகிதத்தை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டியை வெளியிட்டார்கள். நூறு மடங்குக்கு மேல் பெருப்பிக்கும். கைத்தொலைபேசியோடு ஒட்டிப் படமும் எடுக்கலாம். வெங்காயக் கலத்துக்கு அது தாராளம். ரியூசன் நடத்தும் தம்பி தங்கையரிடம் ஒன்று கேட்கிறேன். கலம் என்ற அலகைத் தொடங்கும் நாளில் முதல் ஒரு மணித்தியாலம் படம் வரையாதீர்கள். வெங்காயம், ரியோ இலை, அயடீன், சீனிக்கரைசல், ஒரு நுணுக்குக்காட்டி: இவ்வளவும் மேசையில் இருக்கட்டும். பெற்றோர் காசு திருப்பிக் கேட்கமாட்டார்கள். பிள்ளை முதலில் பார்க்கட்டும், பார்த்ததை வரையட்டும். அதற்குப் பிறகு உங்கள் நிறச் சுண்ணக்கட்டியை எடுங்கள்.